கோடி என்றால் கோழி

எங்கள் தெருவில் முதியோருக்கான மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க வந்த தன்னார்வலர் பெண், எங்கள் அவ்வாவின் முன் ஒரு படத்தை நீட்டினார். "இது என்ன பாட்டி?" கோழிப் படம். அவ்வா யோசிக்கவே இல்லை. "கோடி" என்றார். "எத்தனை கோடி பாட்டி?" என்று அந்தப் பெண் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். தாளில் பூஜ்யம் விழுந்தது.

தெலுங்கில் கோடி என்றால் கோழி. நாய்ப் படத்துக்கு "குக்க" என்றார், அதற்கும் பூஜ்யம். செருப்பைக் காட்டியபோது "செப்புலு" என்றார். அது கொஞ்சம் செருப்பு மாதிரியே கேட்டதால் மதிப்பெண் கிடைத்தது. முப்பதுக்கு ஒன்பது என்று போட்டு, கடுமையான மறதி என்று எழுதி, தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நாங்கள் என்றால் அவ்வாவின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர். மூவரும் பக்கத்தில்தான் நின்றோம். மூவருக்கும் கோடி என்றால் என்னவென்று தெரியும். ஒருவர்கூட "அது தெலுங்கு, சரியான விடை" என்று சொல்லவில்லை. எங்களில் ஒருவர் சமூகவியலில் முதுகலை முடித்தவர், ஊருக்கெல்லாம் போய் உரிமை பேசுகிறவர். அவரும் சொல்லவில்லை. திண்டுக்கல் சமவெளியில் தெலுங்கு பேசுகிற சாதிகள் பல உண்டு. நிலம் வைத்திருக்கிறவர்கள் பேசினால் அது பரம்பரைப் பெருமை. அருந்ததியர் நாங்கள் பேசினால் அது சாதிச் சான்றிதழ். பஸ்ஸில் ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும், பக்கத்து சீட்காரர் எங்கள் தெரு எது என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் வீட்டு வாசலைத் தாண்டும்போதே அந்த மொழியை உள்ளே விட்டுவிட்டு வரப் பழகியவர்கள் நாங்கள். முகாமிலும் அந்தப் பழக்கம்தான் வாயைக் கட்டியது.

அவ்வாவுக்கு மறதி இல்லை என்று சாதிக்க இதை எழுதவில்லை. மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. வயது எண்பதை ஒட்டி. காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுக்கிறார். எங்களைச் செத்துப்போன தம்பிகளின் பேரில் கூப்பிடுகிறார். ஆட்களின் பெயர்தான் எல்லோருக்கும் முதலில் நழுவும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நோய் இல்லாதவர்களுக்கும் நாற்பதைத் தாண்டினால் இது தெரியும். எதிரில் வருபவர் பூட்டுப் பட்டறைக்காரர் என்பது உடனே நினைவுக்கு வரும், பெயர் தொண்டையிலேயே நிற்கும். பூட்டு என்றால் சாவி, அரம், இரும்புத்தூள் என்று பத்து நினைவுகள் கூடவே வருகின்றன. செல்வம் என்ற பெயருக்கு அந்த ஆளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. பொதுவாகச் சொற்களின் கையிருப்பு அறுபது வயதைத் தாண்டியும் கூடிக்கொண்டுதான் போகிறது. வேண்டிய நேரத்தில் எடுப்பதுதான் சிரமமாகிறது.

நோய் வந்தால் கதை வேறு. பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881இலேயே எழுதினார்: கடைசியாக வந்து சேர்ந்தது முதலில் போகும், முதலில் வந்தது கடைசிவரை நிற்கும். பின்னால் வந்த ஆய்வுகள் இதில் பல திருத்தங்கள் செய்துவிட்டன. ஆனாலும் சிறுவயதில் கற்ற சொற்கள் மற்றவற்றைவிட அதிகம் தாக்குப்பிடிக்கின்றன என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. வகுப்பில் படித்தபோது இது ஒரு பத்தி. வீட்டில் பார்க்கும்போது ஒவ்வொரு சொல்லாக உதிர்கிறது.

அவ்வாவிடம் முதலில் போனது கையெழுத்து. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது, தோல் ஷாப் வேலை முடிந்து, தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து, ஐம்பதை நெருங்கிய வயதில் தன் பெயரை எழுதக் கற்றார். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் கைநாட்டு வைக்கமாட்டார். ரேஷன் கடையில் மைப்பெட்டியை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனா கேட்பார். போன ஆண்டு முதியோர் உதவித்தொகை 1200 ரூபாயை எடுக்கப் போனபோது, முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. இப்போது கைநாட்டு. பெருவிரலில் ஒட்டிய மையை அன்று முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துப் போனது இன்னும் மோசம். அருந்ததியர் என்ற சொல். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் முன்னோர் கேட்டு வாங்கிய பெயர் அது. ஆனால் எங்கள் தெருவுக்கு, அதுவும் அவ்வாவின் வாய்க்கு, தாமதமாகத்தான் வந்தது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. அதில் எங்களில் இளையவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அவ்வா தெரு முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு நடந்தார். கல்லூரி பெயர் தெரியாது, படிப்பின் பெயர் தெரியாது, இந்த ஒரு சொல் தெரியும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். "எவருகுரா இது?" என்று கேட்டார். யாருக்கு இது என்று கேட்கிறார். "நமக்குத்தான் அவ்வா, அருந்ததியருக்கு" என்றோம். அது யார் என்று கேட்டார். சரி, நாம் யார் என்று திருப்பிக் கேட்டோம். ஐந்து வயதில் ஊர்த்தெருவில் அவரை எந்தப் பெயரில் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரைச் சொன்னார். ஊர் பேர் சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். சட்டப்படி இன்னொருவர் அதைச் சொன்னால் வழக்குப் போடலாம். அவ்வா தன்னைப் பற்றிச் சொல்கிறார்.

2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். அவ்வாவின் தலைக்குள் இருக்கும் ஆவணத்தை எந்த அரசாணையும் திருத்தாது என்பதையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மல்லிகை பறிக்க ஆள் கேட்டு நிலக்காரர் ஒருவர் பைக்கில் வருவார். எங்கள் வயதுதான் இருக்கும். பைக் சத்தம் கேட்டதும் அவ்வா எழுந்துவிடுவார். மகனை அடையாளம் தெரியாத நாளில்கூட எழுந்துவிடுவார். கையைக் கட்டி, "கும்பிடுறேன் சாமி" என்பார், சுத்தமான தமிழில். அந்த மனிதருக்கே ஒருமாதிரி ஆகிவிடும். "உக்காரு கெழவி, எதுக்கு எந்திரிக்கிற" என்பார். மனசில் கெட்டது இல்லாமல் ஒருமையில் சொல்வார்.

ஆறு வயதில் அவ்வா தன் அம்மாவோடு ராச்சோறு எடுக்கப் போயிருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறத்திலும் நின்று, சாமி என்று குரல் கொடுத்து, சட்டியை நீட்டவேண்டும். குரல் கொடுக்காமல் நின்றால் சோறு இல்லை, குரல் ஓங்கினால் திட்டு. எந்த அளவு சத்தத்தில் சொல்லவேண்டும் என்பதை அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் பாரிக் என்ற உளவியலாளர், பள்ளியில் ஸ்பானிய மொழி படித்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1984இல் எழுதினார். படித்து முடித்த முதல் சில ஆண்டுகளில் பல சொற்கள் மறந்துபோகும், அதைத் தாண்டி நின்றவை பயிற்சியே இல்லாமல் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் அப்படியே நிற்கும். ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பாடத்துக்கே அந்த ஆயுள். எங்கள் அவ்வாவுக்கு நடந்த பாடம் பசியோடு நடந்தது, தினமும் நடந்தது, ஐம்பது ஆண்டு நடந்தது.

அந்தச் சொல் மட்டும்தான் மிஞ்சியது என்று நினைத்துவிட வேண்டாம். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பில் அவர் பல ஆண்டு வேலை பார்த்தவர். இன்றைக்கும் கேட்டால், உப்புத்தோலை ஊறவைப்பதிலிருந்து வரிசையாகச் சொல்வார். சுண்ணாம்புக் குழியில் எத்தனை நாள், மயிர் எப்போது கையோடு வரும், ஆவாரம்பட்டைத் தண்ணீர் என்ன நிறத்துக்கு வரவேண்டும், கடுக்காய் எதற்கு. பாதி தெலுங்கு, பாதி தமிழ். முகாமில் இதை யாரும் கேட்கவில்லை. தேதி என்ன, கிழமை என்ன, மாவட்ட ஆட்சியர் யார் என்று கேட்டார்கள். ஆட்சியர் யார் என்பது எங்களில் இரண்டு பேருக்கே தெரியாது.

இந்த வகைத் தேர்வுகளின் மூதாதை 1975இல் அமெரிக்காவில் உருவானது. அதற்கும் முப்பது மதிப்பெண்தான். வாசி, ஒரு வாக்கியம் எழுது என்றெல்லாம் கேட்கும். பள்ளிக்கூடம் போகாதவருக்கு அங்கேயே சில மதிப்பெண் போச்சு. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத கிராம முதியோருக்கென்று அதை இந்தியில் மாற்றி அமைத்து 1995இல் வெளியிட்டார்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்னொன்றும் படித்தோம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோயாளிகள் 648 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. 2013இல் வந்த ஆய்வு. இரண்டு மொழிதான் காரணமா என்று வேறு ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அவ்வாவுக்கு என்ன நடந்தது என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. ஆனால் எங்களுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. நாங்கள் வெட்கப்பட்டு வாசலில் கழற்றி வைத்த மொழி, ஒருவேளை அவரை எழுபத்தைந்து வயதுவரை தெளிவாக வைத்திருந்த மொழி. எங்கள் பிள்ளைகளிடம் அதை நாங்கள் பேசவே இல்லை. தமிழும் கான்வென்ட் ஆங்கிலமும் போதும் என்று இருந்துவிட்டோம்.

எங்களில் மூத்தவரின் மகளுக்கு நாலு வயது. நாள் முழுக்க அவ்வாவின் மடியில்தான் இருப்பாள். ஒருநாள் பைக் சத்தம் கேட்டபோது, அவ்வா எழும்பியதும் இவளும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "கும்புடுறேன் சாமி" என்றாள். மதினி ஓடிவந்து பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அவரே உட்கார்ந்து அழுதார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு அது அவ்வாவின் விளையாட்டு. ரிபோ சொன்னபடி பார்த்தால் அவளுடைய எண்பது வயதுக்கான சொற்கள் இப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

அவ்வாவைத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. எழுந்தால் எழட்டும் என்று விட்டிருக்கிறோம். பிள்ளையைப் பிரித்து வைப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று மதினிதான் சொன்னார். இப்போது சாயங்காலம் முகாம்காரர்கள் விட்டுப்போன படத்தாள்களை வைத்து இருவரும் விளையாடுகிறார்கள். பிள்ளை காட்ட, அவ்வா சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்கிறாள். கோடி, குக்க, நிப்பு, நீள்ளு. எங்களுக்கு மறந்திருந்த சில சொற்கள் எங்களுக்கும் திரும்பி வந்தன. நிலக்காரரிடம் நேராகவே பேசினோம்: அவரை "அம்மா" என்று கூப்பிடுங்கள், ஒருமை வேண்டாம். சரி என்றார். ஒருமுறை கூப்பிட்டார், அடுத்த முறை மறந்துவிட்டார்.

தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்து அவ்வாவை மறுபடி சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்கள், தேதி சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு பேரின் தாளில் இதே மாதிரி பூஜ்யங்கள் இருக்கின்றன. அவற்றையும் நகல் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறோம். வேறு தெருக்களில் இப்படி நடந்திருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். முகாமுக்குப் போகும்போது பக்கத்தில் நின்று, அது சரியான விடைதான் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.