கன்சோலுக்குப் பின்னால் 'டு' வராது

அரும்பாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்ற வினைச்சொல் 'கன்சோல்'. கைடு புத்தகங்களில் அதற்கு நேராக 'ஆறுதல் கூறு' என்று போட்டிருக்கும். கோளாறே அங்கேதான். ஆறுதல் கூறுவது நமக்கு நான்காம் வேற்றுமை: அவளுக்கு ஆறுதல் கூறினான். அந்தக் 'கு'வை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 'ஹி கன்சோல்டு டு ஹெர்' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சிவப்பு மையில் அடித்தாலும் அடுத்த பரீட்சையில் அந்த 'டு' மறுபடி வந்து நிற்கும்.

எனக்குக் கற்பித்த ஆசிரியர் இதற்கு விதி எதுவும் சொன்னதில்லை. "ஆறுதலை விடுடா, தேற்று என்று வைத்துக்கொள்" என்றார். அவளைத் தேற்றினான், 'ஹி கன்சோல்டு ஹெர்'. தேறு தன்வினை, தேற்று பிறவினை. இது மனத்தில் இருந்தால் செயப்படுபொருள் நேரே வந்து உட்காரும். அவர் தமிழைக் கொண்டே ஆங்கிலத்தைத் திருத்தினார். அந்த வழியில்தான் நானும் கடைசி வரை கற்பித்தேன்.

'கண்டோல்' வேறு வகை. அதற்கு 'வித்' வேண்டும். இழந்தவரோடு சேர்ந்து வருந்துவது, நாம் துக்கம் விசாரிக்கப் போவதுபோல. நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களிலேயே 'கண்டோல்டு தி டெத்' என்று வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உச்சரிப்பும் உண்டு. தேற்றும் வினைக்கு அழுத்தம் இரண்டாம் அசையில். வீடியோ விளையாட்டுக் கருவியைக் குறிக்கும் 'கன்சோல்' என்ற பெயருக்கு முதல் அசையில். அந்தப் பெயர்ச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, சுவரிலிருந்து நீண்டு பாரம் தாங்கும் அலங்காரத் தாங்கியைக் குறித்தது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களின் ஊர் அரும்பாவூர்; உளிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் 'நம் போதிகை மாதிரி' என்றால் போதும், மறக்கமாட்டார்கள்.

இப்போது செல்போனில் தட்டி வந்ததை எழுதிக் கொடுக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் இளைய ஆசிரியர்களும் "பொருள் புரிகிறதே சார்" என்று அந்த 'டு'வுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். புரிந்தது, திருத்துகிறவருக்குத் தமிழ் தெரிந்ததால். அதே பிள்ளை நாளை துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எழுதும் கடிதத்தைப் படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது.