மார்பில் சிவக்கும் மார்ச்

பினாங்கில் இளவேனில் இல்லை என்று ஊரிலிருந்து வருபவர்கள் சொல்வதுண்டு. ஆண்டு முழுக்க வெயில், நடுநடுவே மழை. ஆனால் மார்ச் கடைசியில் கெலுகோரிலிருந்து பாலமேறி செபராங் பிறைக்குப் போய், பட்டர்வொர்த் தாண்டி வடக்கே தெலுக் ஆயிர் தாவார் கரையில் நின்றால் இளவேனில் கண்ணெதிரே நடமாடும்.

அங்கிருந்து கோல மூடா வரை கண்டல் மரங்களும் சேறும்தான். டிசம்பரில் சாம்பல் நிறமாக மேய்ந்த பட்டைவால் மூக்கன்களில், மார்ச்சில் ஆண் பறவையின் மார்பு செங்கல் நிறமாகச் சிவந்துவிடும். சைபீரியாவின் வடகோடியில் காத்திருக்கும் கூடுகட்டும் காலத்துக்கான அலங்காரம் அது. பவளக்காலி, கோட்டான், உள்ளான் என்று எல்லாமே இப்போது ஓயாமல் தின்கின்றன. சேற்றிலிருக்கும் புழுவும் நண்டும் சிப்பியுமே பயணத்துக்கான கட்டுச்சோறு. நெடும் பறத்தலுக்கு முன் மூக்கனின் உடலில் கொழுப்பு ஏற, இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். வானத்தில் அவற்றுக்கு வேலையில்லை, வீண் சுமை. 2022-இல் ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இறங்காமலே கடந்தது. பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு!

இந்தக் கரைக்கு வரும் நார்ட்மன் பச்சைக்காலியோ உலகத்திலேயே சுமார் 2,000-க்கு மேல் இராது.

தமிழ்நாட்டின் கொடியக்கரையிலும் இதே மாதங்களில் உள்ளான்கள் கிளம்புகின்றன. 1967-இல் சரணாலயமான அந்தக் கரையின் பறவைகளுக்கு மத்திய ஆசிய வலசை வழி. பினாங்குப் பறவைகளுக்கு 22 நாடுகளைத் தொடும் கிழக்காசிய – ஆஸ்திரேலிய வழி.

வலசை என்றால் பறவை மட்டுமல்ல, தட்டானையும் மறந்துவிட முடியாது. கரையோர மின்கம்பியில் அமர்ந்து, பிடித்த தட்டானை அடித்துத் தின்னும் நீலவால் பஞ்சுருட்டானுக்கு அது வெறும் இரை. ஆனால் தட்டானிலும் கடலோடி உண்டு. நன்னீர் அருகிய மாலத்தீவில் ஆண்டுதோறும் தட்டான்கள் கூட்டமாக வந்திறங்குவது ஏன் என்று ஆராய்ந்த சார்ல்ஸ் ஆண்டர்சன், அவை தென்னிந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். மழையைத் துரத்திக்கொண்டு, காற்றின் முதுகில் ஒரு பயணம்.

பினாங்கிலிருந்து வடக்கே போகும் பறவைகளுக்கு அடுத்த பெரிய சத்திரம் சீனா, கொரியா நடுவிலுள்ள மஞ்சள் கடல். அதன் சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்கு அரை நூற்றாண்டில் போய்விட்டது. மிஞ்சியதில் சில பகுதிகளை யுனெஸ்கோ 2019-இலும் 2021-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பினாங்கிலும் கடலைத் தூர்த்தே நகரம் விரிகிறது. தூர்க்கிறவர் கண்ணுக்குச் சேறு வெற்றிடம். அதற்குள் எத்தனை உயிர் என்பதை மூக்கனின் நீண்ட அலகே துழாவிக் காட்டிவிடும்.

பார்க்கப் போகிறவர்கள் கடல் முழுதும் வற்றிய நேரத்தில் போகவேண்டாம். பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். நீர் ஏறத் தொடங்கும்போது போய் அசையாமல் நின்றால், அலையே அவற்றைக் கரைக்கு அழைத்து வரும். ஏப்ரல் பாதிக்குள் போய்விடுவது நல்லது.