ஏழு அட்சரத்துக்கு ஒரு கோடு

மிடியில் பதிவாகிற எதிலும் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், வாசிப்பவர் எப்போது தொட்டார், எப்போது விட்டார் என்ற குறிப்புகள்தான் இருக்கும். அதனால்தான் வாசித்து முடித்த பிறகும் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; சுருதி இம்மியும் நகராது. இந்த வசதிக்காகவே மிடியில் விழுந்தவன் நான். அதன் அருமை முழுசாகப் புரிந்தது, வேகத்துக்குத் துணையாக ஒலிக்கும் கிளிக் இல்லாமல் பதிவான ஒரு பாட்டைக் கையில் எடுத்தபோது.

எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், நாட்டிய வகுப்புக்காக ஏழு அட்சரம் கொண்ட மிச்ர சாபு தாளத்தில் ஓர் உருப்படியைக் கீபோர்டில் வாசித்தார். "அந்த டிக் டிக்கை நிறுத்துப்பா. நான் நிக்கிற இடத்துல அது நிக்க மாட்டேங்குது" என்றார். நிறுத்தினேன். கேட்க அமிர்தமாக இருந்தது. திரையிலோ கியூபேஸ் மென்பொருள் வழக்கமாக வைக்கும் 120 டெம்போ, 4/4. ஒரு சுரமும் கோட்டில் உட்காரவில்லை. இந்த நிலையில், சுரங்களைக் கோட்டுக்கு இழுக்கும் குவான்டைஸ் பொத்தானைத் தட்டினால் பாட்டு செத்துவிடும்.

முதலில் டைம் சிக்னேச்சரை 7/8 ஆக்கினேன். இதனால் எந்தச் சுரமும் இடம் மாறாது, பார் கோடு விழும் இடம்தான் மாறும். மிடி காலத்தை டிக் என்ற சிறு அலகில் எண்ணும்; குவார்ட்டர் நோட்டுக்கு 480 டிக் என்றால் 4/4 பார் 1920 டிக், 7/8 பார் 1680 டிக். டெம்போ அப்படியில்லை. சுரங்கள் டிக் கணக்கில் நிற்பவை. டெம்போ என்பது ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு எத்தனை மைக்ரோ நொடி என்ற எண். 120-க்கு அது 5,00,000. அதைத் தொட்டால் எல்லாமே நகரும்.

ஆகவே டிராக்கை, சுரங்களை நொடிக் கணக்கில் நிறுத்தும் லீனியர் டைம்பேசுக்கு மாற்றினேன். சுரக்குறி இருந்த இடத்தில் கடிகாரக் குறி வந்தது. இனி டெம்போ எப்படி மாறினாலும் டீச்சர் தொட்டது தொட்ட நொடியிலேயே நிற்கும். பிறகு டைம் வார்ப் கருவியால் ஒவ்வொரு பார் கோட்டையும் இழுத்து, அந்தந்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில் வைத்தேன். இடைப்பட்ட டெம்போவை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

சமம் எங்கே என்பதை மட்டும் அது சொல்லாது. இந்தப் பாட்டின் எடுப்பு சமத்தில் இல்லை, தள்ளி வருகிறது. முதல் சுரத்திலேயே முதல் கோட்டைப் போட்டால் கடைசிவரை தாளம் புரண்டுவிடும். மிச்ர சாபுவின் தட்டு வேறு 3, 2, 2 என்று விழும். மூன்று தட்டையும் சம நீளமாக எண்ணினாலும் கணக்கு கெடும். தகிட தகதிமி என்று ஏழையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் கோடு போட்டேன்.

முடித்துவிட்டு டெம்போ டிராக்கைத் திறந்தேன். அனுபல்லவியை நெருங்கும்போது வரைபடம் ஏறியிருந்தது. சரணம் முடியும் இடத்தில் சாய்ந்திருந்தது. ஸ்டுடியோ பேச்சில் இதற்குத் தடுமாற்றம் என்று பெயர். எனக்கு அது சம்மதமில்லை. ஒவ்வொரு முறையும் சரியாக அதே இடத்தில் இளகுவது தடுமாற்றமாக இருக்க முடியாது.

இனி சுரங்கள் டெம்போவோடு நகரும்படி டிராக்கை மறுபடி மியூசிக்கல் டைம்பேசுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகளுக்கு இன்னும் நிதானமாக வேண்டும் என்று நாட்டிய வகுப்பில் கேட்டார்கள். டெம்போ புள்ளிகள் அத்தனையையும் ஒரே விகிதத்தில் இறக்கினேன். ஏற்ற இறக்கம் அப்படியே நின்றது. மிருதங்கமும் டீச்சர் போக்கிலேயே வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் கிளிக் பழகாத பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் போக்கிலேயே வாசிக்க விட்டுப் பதிவு செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கோடுகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.