பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

என் தம்பிக்கு வீடியோ கேம் என்றால் உயிர். புது விளையாட்டு வந்தால் ‘கலெக்டர்ஸ் எடிஷன்’தான் வேண்டும் என்பான். அதே சம்பளத்தில்தான் வீட்டு முன்பணத்துக்கும் சேமிக்கிறான். ஆகவே வானொலியில் பேசி முடித்து வரும் எனக்கு வீட்டிலும் ஒரு தலைப்பு காத்திருக்கும்: அந்த விலைக்கு அது தகுமா?

நான் முதலில் போடுவது கழித்தல் கணக்கு. 2023-இல் வந்த ‘செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ அமெரிக்காவில் 70 டாலர், அதன் சேகரிப்புப் பதிப்பு 130 டாலர். கூடுதல் 60 டாலருக்கு ஓவியப் புத்தகம், ஸ்டீல் உறை, உலோகச் சுவரொட்டி, நான்கு பின்கள். விளையாட்டின் கார்ட்ரிட்ஜும் உள்ளேயே இருந்தது. செல்டாவோடு வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் ஒன்றே போதும்.

2022-இல் வந்த ‘காட் ஆஃப் வார்: ரக்னராக்’ வேறு கதை. 200 டாலர் பெட்டியில் 16 அங்குலத்தில் தோரின் சுத்தியல் இருந்தது. ஸ்டீல் உறையும் இருந்தது. ஆனால் டிஸ்க் இல்லை, பதிவிறக்கக் குறியீடுதான். டிஸ்க் என்றால் விளையாடி முடித்து அத்தை மகனுக்குக் கொடுக்கலாம், கடையில் விற்கலாம். குறியீட்டை ஒருவர் பயன்படுத்திவிட்டால் அவ்வளவுதான்.

அதனால் தம்பியிடம் மூன்றே கேள்வி கேட்கிறேன். டிஸ்க் உண்டா? முந்தைய பாகத்தை முடித்துவிட்டாயா? பெட்டியை வைக்க அறையில் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தாராளமாக வாங்கட்டும். அவன் உழைப்பு, அவன் ஆசை. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் சாதாரணப் பதிப்பே போதும். மிச்சப் பணம் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். இல்லை, இன்னொரு விளையாட்டுதான் வேண்டும் என்றால், இருவர் ஆடுவதாகப் பார்த்து வாங்கட்டும். நானும் சேர்ந்துகொள்கிறேன்.