எஸ்எஸ்டி வாங்கப் போகும் தம்பிகளுக்கு

எங்கள் கீழ்வேளூரில் கல்யாணம், கேடிலியப்பர் கோயில் திருவிழா என்று கேமரா தூக்கும் தம்பிகள் பலர் பழைய லேப்டாப்பில்தான் எடிட் பண்ணுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதிக் கஷ்டம் தீரும்.

வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். எம்.2 ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டாவா, என்விஎம்இயா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாட்டா நொடிக்கு சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். ஜென் 3 என்விஎம்இ 3,500 வரை போகும்.

ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். கியூஎல்சி வகை சிப் உள்ள டிரைவில் முகூர்த்த ஃபுட்டேஜ் 200 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டினால், அதன் வேகமான தற்காலிக இடமான கேஷ் நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடலாம். என்னைக் கேட்டால் வீடியோ வேலைக்கு டிஎல்சி வகை சிப்தான், அதுவும் 1 டிபி.

கழற்றிய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நன்றாக ஓடுகிறதென்றால் யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு பிரதிக்கு வையுங்கள். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது, தம்பி.