தெரியாத கடவுச்சொல்லும் எட்டு வருஷ உபயப் பதிவும்

போன சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஆலய ஓப்பிஸ்ல ஏன் லைட் எரிஞ்சதுன்னு நிறைய பேர் கேட்டீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம உபயம், பால்குடம், அர்ச்சனைப் பதிவெல்லாம் ஓப்பிஸ்ல இருக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல இருக்கு. எட்டு வருஷப் பதிவு. யாருக்கு எந்த நாள் உபயம், வீட்டில் உள்ளவங்க பேர், நட்சத்திரம் எல்லாமே. இதை அமைச்சுக் கொடுத்த தம்பி போன வருஷம் இறைவனடி சேர்ந்துட்டார். டேட்டாபேஸ் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்க கேட்டு எழுதி வைக்கல. அது எங்க தப்பு.

இப்போ அந்த கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுது. தைப்பூசத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கு. "அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்" என்றார் ஒருத்தர். "தம்பியோட அம்மாகிட்ட அவர் நோட்டைக் கேட்கலாமா?" என்றார் இன்னொருத்தர். எனக்கு மனசு வரல.

நல்ல வேளை, கம்ப்யூட்டரைத் திறக்கிற கடவுச்சொல் பொருளாளர்கிட்ட இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், டாக்கர் கண்டெய்னருக்குள்ள ஓடுது. கோபுர வாசல்ல காவலர் "யார் நீங்க?"ன்னு கேட்பார், மடப்பள்ளிக்குள்ள நிக்கிறவங்ககிட்ட யாரும் கேட்கிறதில்ல. இதுவும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்தா கடவுச்சொல் வேணும். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ்ல, கண்டெய்னருக்கு உள்ளேயிருந்து கேட்டா வழக்கமா வேண்டாம். அதனால 'டாக்கர் எக்ஸெக்' மூலமா உள்ளே போய் 'பிஜி டம்ப் ஆல்' ஓட்டினேன்.

முதல் தடவை ஓடல. 'போஸ்ட்கிரெஸ்'ங்கிற பயனரே இல்லைன்னு வந்துச்சு. 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' போட்டுப் பார்த்தா, தம்பி 'வேலன்'னு பேர் வெச்சிருக்கார். பக்கத்திலேயே ஒரு கடவுச்சொல்லும் இருந்தது, ஆனா செல்லல. அது முதன்முதலா அமைக்கும்போது மட்டும்தான் எடுபடும். பிறகு மாத்தியிருப்பார் போல. பயனர் பேரே போதுமானதா இருந்தது. சத்தம் போடுற டிஸ்க்ல எழுதாம நேரா பென்டிரைவ்ல இறக்கினேன்.

அழிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு சொன்ன அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது: கண்டெய்னரோட வால்யூமையும் சேர்த்து அழிச்சிருந்தா எல்லாமே போயிருக்கும் லா.

ஃபைல் வந்துட்டா முடிஞ்சதுன்னு நினைக்க முடியாது. என் லேப்டாப்ல அதே வெர்ஷன் போஸ்ட்கிரெஸ் போட்டுத் திரும்ப ஏத்திப் பார்த்தேன். ரசீதுப் புத்தகத்தோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டோம். சரியா இருந்தது. இனி புதுக் கடவுச்சொல் உறையில் போட்டு ஒட்டி, பொருளாளர் பெட்டகத்தில் இருக்கும். வீடு மாறினவங்க, போன் நம்பர் மாத்தினவங்க கவுண்டர்ல சொல்லிடுங்க.

ஒப்பிடும்போது தம்பியோட குடும்பப் பதிவும் வந்தது. அவர் பேரும் நட்சத்திரமும் அப்படியே இருக்கு. அம்மா வந்து சொல்ற வரைக்கும் அதை யாரும் தொட வேண்டாம்னு கவுண்டர்ல சொல்லியிருக்கேன்.