நெட்டி முறியும் சத்தம்

மலேசியாவின் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் தோள்வலியை ஒரு நோயாக நினைத்ததே இல்லை. விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு. பிறகு நிரை நிரையாக, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து வெட்டு. பால் எடுத்ததும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, மேடும் பள்ளமுமாக நடை. பொழுது சாய்ந்தால் லயத்து வாசலெல்லாம் கோடாலித் தைலம் மணக்கும். சுளுக்கு விடவில்லையா? கால் முதலாகப் பிறந்தவர் யாரென்று விசாரித்து, கூட்டிவந்து முதுகை மிதிக்கச் சொல்வார்கள். அதற்கும் அசையாவிட்டால் கம்பத்து மலாய்ப் பாட்டியின் உருட், அதாவது பிடித்துவிடுதல்.

அதே வட்டாரத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். அப்படிப் போன, வாளியே தூக்காத ஒரு மகள், நாற்காலியை விட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

“ஏர்கோன் ரூம்ல உக்காந்திருக்கிறவளுக்கு என்னடி முதுகு வலி?”

அம்மா கேட்பது நியாயம்தான். ஆனால் மகளும் சுமக்கத்தான் செய்கிறாள்: ஐந்து கிலோவுக்கு நெருக்கமான தன் தலையை, நாள் முழுக்கத் திரையை நோக்கி நீட்டியபடி. காண்டாவை இறக்கி வைக்கலாம், இதை முடியாது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளுக்கு ரத்தக்குழாய் மிகக் குறைவு. அசைந்தால்தான் அவற்றுக்குச் சத்து ஊறும்.

மகள் கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போகிறாள். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் பால்மர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அழுத்திச் செவிட்டைப் போக்கியதாகச் சொல்லித் தொடங்கிய வைத்தியம் இது. காதின் நரம்பு முதுகு வழியாகப் போவதில்லை என்பது வேறு கதை. மலேசியாவில் கோலாலம்பூரின் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் 2010-இல் இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழும் இது வருகிறது. பலகையைப் பார்த்து நுழையாமல், பதிவு உண்டா என்று கேட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையை முதுகில் ஊன்றி, சட்டென்று ஓர் அழுத்து. ‘நெறுக்’. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று மனம் குளிரும். அதுதான் இல்லை. 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரலில் நெட்டி முறிவதை எம்ஆர்ஐ கருவியில் படம் பிடித்தார்கள். சத்தம் வந்தபோது மூட்டு நீருக்குள் ஒரு வெற்றிடம் உருவானது. சத்தம் வராமலும் வலி குறையலாம். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலகச் சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சியோடு முதுகை அழுத்தும் இந்த வைத்தியத்துக்கும் இடமுண்டு. கழுத்தைத் திருப்புவதில் மட்டும் கவனம் வேண்டும். அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. மோட்டாரில் விழுந்தவர், கால் மரத்தவர், சிறுநீர் அடக்க முடியாதவர் முதலில் ஓட வேண்டிய இடம் மருத்துவமனை.

மகளுக்குக் கிடைத்தவர் நல்லவர். மூன்றாம் முறையே, “இனி நீங்கதான் செய்யணும்” என்று பயிற்சி சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அவள் கணினி இரண்டு பழைய பாடநூல்களின் மேல் கண்மட்டத்துக்கு உயர்ந்து நிற்கிறது. அரைமணிக்கு ஒருமுறை கைப்பேசி மணி அடிக்கும், எழுந்து நடக்க. அந்த மணிக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் ‘பெரட்டு’.